பதினைந்து படுக்கைகளின் கணக்கு

செங்கல்பட்டு–காஞ்சிபுரம் சாலையில் உள்ள பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில் இருக்கிறது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இந்த இடத்தில் நிற்கும் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில், இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் சுவரில் 55 நீண்ட வரிகளில் ஓடுகிறது வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு. 1069-ஐ ஒட்டிய காலத்தது. முதலில் அரசனின் போர் வெற்றிகள். அடுத்து கோயிலின் வரவு செலவு. அந்தச் செலவுக் கணக்குக்குள் ஒரு மருத்துவமனை இருக்கிறது.

அதன் பெயர் வீரசோழன் ஆதுலர் சாலை. கோயிலின் சனநாத மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் பள்ளி, மாணவர் விடுதி ஆகியவற்றோடு சேர்ந்து நடந்தது. படுக்கைகள் 15. மாணவர்களும் கோயில் பணியாளர்களுமே இங்கே சிகிச்சை பெற்றார்கள். ஊரார் எல்லோருக்கும் கதவு திறந்திருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை, நாமும் சொல்லக்கூடாது.

ஆனால் உள்ளே வந்தவருக்கு என்னென்ன தேவை என்பதை எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள்! மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை மருத்துவம் செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவரும் ஆட்கள் இருவருக்கு 60 கலம், 2 காசு. மருந்து காய்ச்சி நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவருக்கு 30 கலம், 1 காசு. நாவிதருக்கும் தண்ணீர் சுமப்பவருக்கும் தலா 15 கலம். ஆக, 15 நோயாளிகளுக்கு எட்டுப் பேர். படுத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் விளக்கெரிக்க எண்ணெய்க்குத் தனி ஒதுக்கீடு. ஓராண்டுக்குக் கையிருப்பில் இருக்கவேண்டிய மருந்துகள் சுமார் இருபது: தசமூல அரிதகி, கோமூத்திர அரிதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம், பழைய நெய் என்று பட்டியல் நீள்கிறது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது படுக்கைகளின் எண்ணிக்கை அல்ல. கட்டடம் எழுப்புவது ஒருமுறைச் செலவு. அதற்குப் பேரும் புகழும் உண்டு. தண்ணீர்க்காரரின் கூலியும் விளக்குக்கான எண்ணெயும் ஆண்டுதோறும் திரும்பி வரும் செலவு; அதற்கு யாரும் திறப்பு விழா எடுப்பதில்லை. மருத்துவமனை உயிரோடு இருப்பது அந்தச் செலவில்தான். அதை உணர்ந்தவர்களே, மாலை மரியாதை கிடைக்காத அந்தப் பணியாளர்களின் நெல்லையும் அரசனின் வெற்றிகளை வெட்டிய அதே கல்லில் வெட்டச் செய்தார்கள்.

இன்றும் மருந்து தீர்ந்துபோன ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செவிலியர் இடம் காலியாகக் கிடக்கும் தாலுகா மருத்துவமனைக்கோ புதுச் சுண்ணாம்பு பூசினால் போதாது. சோழர் காலத்திலேயே மருத்துவமனை கண்ட மண் இது என்று பெருமைப்படுகிறவர்கள், அந்தக் கணக்கின் கடைசி வரிவரை படிக்க வேண்டும். மருத்துவமனைக்குப் பெயர் வைத்ததோடு நிற்காமல், எட்டுப் பேருக்கும் படியளக்க வழி செய்தார்கள் அன்றைய சோழர்கள்.