கிரிப் கிளியர் பண்ணித் தரப்படும்

எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர் ஹட்டன் டவுனில் சின்னக் கடை ஒன்று எடுக்கப் போகிறார். கொழும்பில் லீசிங் கம்பெனியில் வேலை செய்துவிட்டு வந்தவர். 'கிரிப் கிளியர்' பண்ணிக் கொடுப்பதுதான் பிஸ்னஸ். "கேம்பஸ் லீவுல வந்து கடிதம் எழுதிக் குடு தங்கச்சி, ஆளுக்கு இவ்வளவுன்னு தர்றேன்" என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார். காசு எனக்கும் தேவைதான். ஆனால் போர்டில் என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குள் ஒரு மாதமாகச் சண்டை.

கிரிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நாம் எடுத்த கடன், கட்டிய தவணை, கட்டாத தவணை, அடுத்தவருக்குப் பிணை நின்றது எல்லாவற்றையும் வங்கிகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் அங்கே அனுப்புகின்றன. லயத்தில் "கிரிப்ல பேர் விழுந்துருச்சு" என்று சொல்லும்போது, யாரோ கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்ட மாதிரி ஒரு பயம் இருக்கும். அப்படி ஒரு பட்டியலே அங்கே கிடையாது. கடன் கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் முடிவு. இன்னொன்று, அனுப்பிய தகவலைப் பணியகம் தானாக மாற்றாது. பிழை இருந்தால் அதை அனுப்பிய நிறுவனம்தான் திருத்தவேண்டும். உண்மையான பாக்கி என்றால் எந்த அண்ணனாலும் அழிக்க முடியாது.

அப்படியென்றால் இந்தக் கடைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. என் அத்தை குறூப் லோன் எடுத்தவர். லயக் காம்பிராவுக்கு உறுதி கிடையாது, அதை ஈடு வைத்து வங்கிக்குப் போக முடியாது. அதனால் லயத்துப் பொம்பளைங்க நாலைந்து பேர் ஒருத்தருக்கொருத்தர் பிணை நின்று எடுப்பதுதான் வழி. 2024இல் நாள் சம்பளம் 1,350 ரூபா ஆனது. ஆனால் அது வேலை கொடுத்த நாளுக்கு மட்டும். தவணைக்கு வரும் ஒப்பிசருக்கு மழையும் இல்லை, கொழுந்து இல்லாத மாதமும் இல்லை. எப்படியோ அத்தை கட்டி முடித்தார். பிறகு மகனுக்கு த்ரீவீல் லீசிங் கேட்டுப் போனபோது, பாக்கி இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ். முடிந்த கடன் முடியாததாகவே கிடந்தது. அத்தை பிளாஸ்டிக் பையில் சேர்த்து வைத்திருந்த ரசீதுகளைப் போட்டோ கொப்பி எடுத்து, கம்பெனிக்கு ஒரு கடிதம். இரண்டு மாதத்தில் சரியானது. ஒரு பக்கக் கடிதம், அவ்வளவுதான். அதை எழுத ஆள் இல்லை என்பதுதான் லயத்துப் பிரச்சினை.

எனக்குப் பயம் வேறு விஷயத்தில். கிளியர் பண்ணுகிறோம் என்று முன்பணம் வாங்கி, இன்னொரு இடத்தில் கூடிய வட்டிக்குக் கடன் எடுத்துக் கொடுத்துப் பழையதை அடைக்கச் சொல்லும் ஆட்களும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது. புதுத் தோட்டம் அந்தக் காசைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, ஆள் மாறிப் போகும். அதை 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். பழைய லோனுக்குப் புது லோன் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீட்டுதான் ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்றே 1996இல் ஒரு சட்டம் வந்தது. வேலையை முடிக்குமுன் காசு வாங்கக் கூடாது. அண்ணனிடம் சொன்னேன். "அமெரிக்காக்காரனுக்கு ஹட்டன்ல கடை வாடகை தெரியுமா?" என்றார். நியாயமான கேள்விதான். இலவசமாகச் செய்யச் சொல்ல நான் யார், நானே சம்பளம் கேட்கிறவள்.

பேசிப் பேசி ஒரு இடத்துக்கு வந்திருக்கிறோம். அறிக்கையைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு கட்டணம், கடிதம் எழுத ஒரு கட்டணம், இரண்டும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். கடிதக் காசு பதில் வந்த பிறகு. உண்மையான பாக்கி என்றால் கம்பெனியோடு தவணை பேசக் கூடப் போகலாம், புதுக் கடன் பிடித்துக் கொடுக்கக் கூடாது. இவ்வளவுக்கும் அண்ணன் தலையாட்டிவிட்டார். 'கிளியர்' என்ற சொல்லை மட்டும் விடமாட்டேன் என்கிறார். "அது இல்லாட்டி யாரு தங்கச்சி உள்ள வருவாங்க?"

போர்டு எழுதுகிறவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.