ஜன்னல் மாட்ட ஆள் வந்தபோது...

வீடு கட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிமென்ட் விலை, கம்பி விலை, டைல்ஸ் விலை எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார்கள். கதவு, ஜன்னல் என்று வந்தால் மட்டும், "அதெல்லாம் ஆசாரி பார்த்துப்பார்" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் காலையில் எழுந்ததும் நம் கை முதலில் படுவது தாழ்ப்பாளில்தான். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு கடைசியாகத் தொட்டுப் பார்ப்பதும் அதைத்தான். சாரல் அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப் போய் ஜன்னலைச் சாத்துவது யார்? நாம்தானே! அப்படியென்றால் அதை மாட்டும் ஆளிடம் பேச வேண்டியதும் நாம்தான் என்பது என் கட்சி.

எங்கள் வீடு தாம்பரம் பக்கம். மாமனார் 1986-ல் கட்டியது. எல்லாம் மர ஜன்னல்கள். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது ஹால் ஜன்னலின் ஒரு கதவு கீலோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஒட்டுப் போட்டுச் சமாளித்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அந்த ஒட்டெல்லாம் பல்லைக் காட்டிவிட்டது. மாமியார் கட்டில் முழுக்க ஈரம். அவருக்கு ஆஸ்துமா. இரண்டு நாள் அவர் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்த பிறகு, இனித் தள்ளிப் போடக் கூடாது என்று முடிவெடுத்தோம்.

ஒன்பது ஜன்னல், மூன்று கதவு. ஐந்து வருஷமாக நான் கட்டி வந்த சீட்டுப் பணம் கையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. "நீயே பக்கத்துல நின்னு பார்த்துக்கோ. உனக்குத்தான் பொறுமை உண்டு" என்றார்.

எனக்குப் பொறுமையைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. காரணம், எதிர்வீட்டு அக்கா பட்ட பாடு. "மரம் எடுக்கணும்மா" என்று சொல்லி, மொத்தத் தொகையில் முக்கால் பங்கை ஒருவர் முன்பணமாக வாங்கிக்கொண்டார். பழைய ஜன்னல்களை ஒரே நாளில் பெயர்த்தெடுத்தார். அதோடு சரி, ஆளைக் காணோம்! ஐப்பசி அடைமழை. வீட்டில் மகள் பிரசவித்து இருபதே நாள். ஜன்னல் இருந்த இடத்தில் தார்ப்பாயைக் கட்டி, பச்சைக் குழந்தையைக் கொசுவலைக்குள் போட்டு, ராத்திரியெல்லாம் அக்கா உட்கார்ந்தே இருந்தார். நாற்பது நாள் அப்படி ஓடியது. போன் போட்டால், "நாளைக்கு வரேம்மா" என்று ஒரே பாட்டு.

நல்லவேளையாக அக்கா கொடுத்த பணத்துக்கெல்லாம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசி, புகார் பதிவு செய்து, "அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்" என்று அந்த மனிதருக்குப் பதிவுத் தபாலும் அனுப்பினார். அதன் பிறகுதான் ஆள் வந்து வேலையை முடித்தார். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அந்த ஆணையத்தில் மனுக் கொடுக்கக் கட்டணம் கிடையாது என்பதும் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதைப் பார்த்த நான், மூன்று பேரை வரவழைத்தேன். முதலாமவர் வீட்டுக்கே வராமல் போனிலேயே தொகை சொன்னார். அளக்காமல் சொல்லும் விலை ஜோசியம் மாதிரிதான் என்று விட்டுவிட்டேன். இரண்டாமவர் பிளாஸ்டிக் போல இருக்கும் யூ.பி.வி.சி. ஜன்னல் போடுகிற காண்டிராக்டர். அவர் சதுர அடிக் கணக்கு. மூன்றாமவர் வயசான ஆசாரி. அவர் மரத்துக்குக் கன அடிக் கணக்கு, கூலி தனி. ஒருவர் சொன்னதில் கொசுவலை சேர்த்தி, இன்னொருவரிடம் அது தனி. ஒருவர் கண்ணாடி சேர்த்து, ஒருவர் சேர்க்காமல். இப்படி இருந்தால் எது மலிவு என்று எப்படித் தெரியும்? ஒரு தாளில் கட்டம் போட்டு, சட்டம், கதவு, கண்ணாடி, கொசுவலை, கீல், தாழ்ப்பாள், பழசைப் பெயர்க்கும் கூலி, சுவர்ப் பூச்சு, வண்டி வாடகை, வரி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொருவரையும் நிரப்பச் சொன்னேன். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. குறைந்த விலை சொன்னவர் பாதிச் சாமானைச் சேர்க்கவே இல்லை!

கடைசியில் வாசல் கதவை ஆசாரியிடம் தேக்கில் செய்யக் கொடுத்தோம். கரையானும் சாரலும் தொல்லை தரும் ஜன்னல்களை யூ.பி.வி.சி.யில் போடத் தீர்மானித்தோம். குளியலறைக் கதவு தண்ணீருக்கு ஊறாத பி.வி.சி.

ஆசாரி தங்கமான மனிதர். மரக்கடைக்கு என்னையும் கூட்டிப் போனார். "பாரும்மா, பழுப்பா இருக்கிறதுதான் வைரம். ஓரத்துல வெளுப்பா ஓடுது பாரு, அது வெள்ளை. கரையான் முதல்ல அங்கதான் வாய் வைக்கும்" என்று காட்டிக் கொடுத்தார். கன அடிக் கணக்கும் அவரிடம் கற்றதுதான். ஏழு அடி நீளம், 5 அங்குல அகலம், 3 அங்குலக் கனம் உள்ள ஒரு சட்டத்துக்கு, 7 x 5 x 3 என்று பெருக்கி 144-ஆல் வகுத்தால் 0.73 கன அடி வரும். கடைக்காரர் 'ஒரு கன அடி' என்று எழுதினால் உடனே கேட்கலாம், இல்லையா? இன்னொன்று: 5-க்கு 3 என்பது அறுத்த அளவா, இழைத்த பிறகு நிற்கும் அளவா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இழைப்புளி போட்டால் மரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அது ஏமாற்று இல்லை. ஆனால் எந்த அளவுக்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிய வேண்டும். ஈரம் காயாத மரத்தில் செய்த கதவு பிறகு சுருங்கி இடைவெளி விடும். அதனால் நன்றாகப் பதப்பட்ட மரமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

யூ.பி.வி.சி.க்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. சட்டத்துக்குள் இரும்புக் குழாய் வைத்திருந்தால்தான் பெரிய ஜன்னல் காற்றுக்கு வளையாது. வெளியிலிருந்து அது தெரியாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் சின்னதாக இருந்தால் பிடிக்காது. கொஞ்சம் வலுவான காந்தமாக எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். உள்ளே இரும்பு இருந்தால் இழுக்கும். நான் காந்தத்தை எடுத்ததும் காண்டிராக்டர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

பணம் கொடுப்பதை நான்கு தவணையாக எழுதினோம். முன்பணம் 30 சதவீதம், சாமான் வீட்டுக்கு வந்ததும் 30, மாட்டி முடித்ததும் 30, தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு மீதி 10. அதோடு ஒரு நிபந்தனை: புது ஜன்னல் வீட்டுக்கு வந்து சேரும்வரை பழைய ஜன்னலில் ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது. ஒரு நாளைக்கு ஓர் அறை மட்டும். எதிர்வீட்டுத் தார்ப்பாய் என் கண்ணிலேயே நின்றதால் இதில் மட்டும் நான் இம்மியும் இறங்கவில்லை.

வேலை தொடங்குவதற்கு முன் இன்னொரு கவனம் வேண்டும். பழைய வீட்டு ஜன்னல்களில் பூசியிருக்கும் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூசி, கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகவே ஆகாது. குழந்தைகள் தரையில் தவழ்ந்து அதே கையை வாயில் வைக்கும். அதனால் தேய்க்க விடாமல் ஜன்னலை முழுசாகக் கழற்றச் சொன்னேன். விழுந்த தூசியை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுத்தேன். மூன்று வயதுப் பையனை நாத்தனார் வீட்டில் விட்டேன். மாமியார் போக மறுத்துவிட்டார். வேலை நடக்காத அறையில் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத் துணி வைத்து உட்கார வைத்தேன்.

மூன்றாம் நாள்தான் சண்டை வந்தது. படுக்கையறை ஜன்னல், ஐந்தடிக்கு நான்கடி. சட்டம் சதுரமாக நிற்கிறதா என்று பார்க்க ரசமட்டம்கூட வேண்டாம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளக்க வேண்டும். பிறகு மற்ற இரண்டு மூலைகளையும் அதேபோல அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. அளவு டேப் ஒன்றே போதும், இரண்டு பேர் பிடித்துக்கொண்டால். எனக்கு ஒரு பக்கம் 77¼ அங்குலம் வந்தது. மறு பக்கம் 76½.

"தம்பி, இது கோணலா நிக்குது" என்றேன்.

"முக்கால் அங்குலமெல்லாம் ஒரு விஷயமாம்மா? சிலிக்கான் அடிச்சா மறைஞ்சிடும்."

"மறையும். ஆனா கதவு சாத்துமா? ஓட்டிக் காட்டுங்க."

ஓட்டினார். மேலே ஒட்டியது, கீழே விரல் நுழையும் இடைவெளி. காண்டிராக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்பளைங்க டேப் வச்சு அளந்தா வேலை ஓடுமா?" என்று சத்தம் போட்டார்.

உள்ளே இருந்து மாமியார் குரல் வந்தது. "ஏம்ப்பா, இத்தனை வருஷமா இந்த வீட்டுல அரிசி அளந்தது பொம்பளைங்கதான். ஒருநாளும் யாருக்கும் பத்தாமப் போனதில்லை. ஜன்னலை அளந்தா மட்டும் தப்பாப் போயிடுமா?"

வேலையாட்கள் சிரித்துவிட்டார்கள். காண்டிராக்டரும் கொஞ்சம் அடங்கினார். திருகாணிகளைக் கழற்றி, ஆப்பு வைத்து, ரசமட்டம் பார்த்து மறுபடி மாட்ட ஒரு மணி நேரம்தான் ஆனது. அந்த நேரத்தில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். கோபத்தோடு வேலை செய்கிற கை நம் வீட்டுச் சுவரில் கோணலாகத்தான் அடிக்கும். கேட்க வேண்டியதைக் கேட்போம், முகம் மட்டும் கடுக்க வேண்டாம்.

கடைசித் தவணைக்கு முன் வெளியில் ஹோஸ் பைப்பால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் பத்து நிமிஷம் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். சமையலறை ஜன்னலில் மட்டும் உள்ளே வழிந்தது. யூ.பி.வி.சி. சட்டத்தின் அடியில் தண்ணீர் வெளியேறச் சின்னச் சின்ன துவாரங்கள் விட்டிருப்பார்கள். அவசரத்தில் ஒருவர் அதன் மேலேயே சிலிக்கானை அப்பியிருந்தார். குத்தி எடுத்ததும் சரியாகிவிட்டது. வெளித் திட்டு சுவர்ப் பக்கம் சாயாமல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுத் தாய்மார்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். கிரில் கம்பிகளுக்கு இடைவெளி 4 அங்குலத்துக்குள் இருக்கட்டும், குழந்தையின் தலை நுழையாது. குறுக்குக் கம்பிகள் ஏணி மாதிரி அமைந்தால் குழந்தை ஏறும். நேர்க் கம்பியே நல்லது. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிரிலையாவது திறக்கும்படி வைத்து, சாவியைப் பெரியவர்களுக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். தீ விபத்து என்றால் வெளியேற வழி வேண்டும். தாழ்வாக வரும் கண்ணாடி டஃபன்டு கண்ணாடியாக இருக்கட்டும். உடைந்தாலும் கத்தி போலச் சில்லாகாமல் பொடிப் பொடியாக உதிரும். குளியலறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும் வகையாக இருந்தால், குழந்தை உள்ளே பூட்டிக்கொண்டாலும், வயசானவர் உள்ளே மயங்கி விழுந்தாலும் கதவை உடைக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு விஷயம். கடைசிப் பணத்தைக் கொடுக்கும்போது, உதவிக்கு வந்த பையன்களுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று அவர்கள் எதிரிலேயே ஒரு வார்த்தை கேளுங்கள். நம் வீட்டில் வியர்வை சிந்தியவர்கள் வயிறு வாடிப் போகக் கூடாது. அவர்களும் அதை மறக்க மாட்டார்கள். கீல் இறுகிவிட்டது என்று நான் கூப்பிட்டபோது, அந்தப் பையன்களில் ஒருவன் மறுநாளே வந்து எண்ணெய் விட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆகவே சகோதரிகளே, அளவு டேப் ஒன்று வாங்கி அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் வையுங்கள். பேசியதை எழுதி வாங்குங்கள். பணத்தை வேலைக்குப் பின்னால் நடக்க விடுங்கள், முன்னால் ஓட விடாதீர்கள். மழைக்காலம் வருவதற்குள், ஆடியிலேயே ஆளைப் பேசி வேலையைத் தொடங்கினால், கார்த்திகை மழையில் நிம்மதியாகத் தூங்கலாம்.