கூலரை மாற்றினால் போதுமா?

2007 அக்டோபரில் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 8800 ஜிடி வந்தபோது கேம் பிரியர்களுக்கு ஒரே கொண்டாட்டம். வேகம் அபாரம், விலையும் கைக்கு எட்டியது. குறை என்றால் சூடுதான். 105 வாட் வரை இழுக்கும் கார்டுக்கு ஒற்றை ஸ்லாட்டில் அடங்கும் ஒல்லிக் கூலர். விளையாட ஆரம்பித்தால் 90 டிகிரியைத் தொட்டுவிடும்.

அதனால் பலர் ஆர்க்டிக் கூலிங்கின் ஆக்சிலரோ எஸ்1 வாங்கி மாட்டினார்கள். நான்கு ஹீட்பைப், வரிசையாக அலுமினியத் தகடுகள், ஃபேனே கிடையாது. பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதுசை அரிசியளவு வைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் வேலை முடிந்தது. முடிந்ததா?

இல்லை. பழைய கூலர் மெமரி சிப்களின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. புதியது நடுவிலுள்ள ஜிபியூவை மட்டும்தான் தொடும். மெமரிக்கும், மின்சாரத்தைச் சீராக்கும் பாகங்களுக்கும் தனித்தனியாகக் குட்டி ஹீட்சிங்க் ஒட்டவேண்டும். ஜிபியூ-இசட்டில் எல்லோரும் பார்ப்பது ஜிபியூவின் சூட்டைத்தான். அது 60 என்று காட்டும்போதே மெமரி வெந்துகொண்டிருக்கலாம். திரையில் வண்ணப் புள்ளிகள் தெறித்தால் முதல் சந்தேகம் அங்கேதான் போகவேண்டும்.

சோதனையிலும் ஏமாற வழி இருக்கிறது. பழைய கூலர் 34 டிகிரி மதியத்தில் 90, புதியது 24 டிகிரி இரவில் 62 என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 டிகிரி லாபமா? அறைச் சூட்டைக் கழித்தால் 56, 38. உண்மையான லாபம் 18தான். அதே கேம், அதே அரை மணி நேரம், பக்கத்திலேயே அறையின் சூடு. இவ்வளவும் குறித்தால்தான் கணக்கு நேராகும்.

பெரும்பாலும் வாரண்டியைப் பணயம் வைத்துச் செய்கிற வேலை இது. ஒரே ஒரு எண்ணை நம்பலாமா?