ஷின்ஜுகுவில் சோறும் கறியும்

டோக்கியோவில் தங்கியிருந்த நாள்களில் மதிய உணவு ஒன்றுக்காக மாத்திரம் ஷின்ஜுகுவுக்குச் சென்றேன். புகையிரத நிலையத்தின் கிழக்கு வாயிலிலிருந்து சில நிமிட நடையில் நகமுராயா கட்டடம். உணவகம் நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது.

சோமா ஐசோ, கொக்கோ தம்பதியர் 1901இல் டோக்கியோவின் ஹொங்கோ பகுதியில், ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் எதிரே நடத்தத் தொடங்கிய பாண் கடைதான் நகமுராயா. 1909இல் அது ஷின்ஜுகுவுக்கு இடம்பெயர்ந்தது. ஜப்பானியரும் பாணைப் 'பான்' என்றே சொல்கின்றனர். அவர்களுக்கும் நமக்கும் அச்சொல்லைத் தந்தவர்கள் போர்த்துக்கேயர்.

பாண் கடையில் கறி எப்படி வந்தது? 1912 டிசம்பரில் டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்ட சதியில் தேடப்பட்டவர் வங்காளியான ராஷ் பிஹாரி போஸ். 1915இல், தாகூர் குடும்பத்தவர் என்ற பாவனையில், வேறு பெயருடன் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். அக்காலத்தில் ஜப்பான் பிரித்தானியாவின் நேச நாடு. லண்டனின் நெருக்குதலால் அவ்வருட இறுதியில் அவரை நாடுகடத்தக் கட்டளை பிறந்தது. தோயாமா மிட்சுரு என்னும் தேசியவாதத் தலைவரின் வீட்டுப் பின்வாசலால் வெளியேற்றப்பட்ட போஸ், சோமா தம்பதியரின் கடைக்குப் பின்னாலிருந்த ஓவியக்கூடமொன்றில் மறைத்துவைக்கப்பட்டார். கூடவே இன்னொரு இந்தியரான ஹேரம்பலால் குப்தாவும் இருந்தார். முன்பின் அறியாத அந்நியருக்காகத் தமது அரசாங்கத்தின் கட்டளையையே மீறத் துணிந்தவர்கள், பாண் விற்றுச் சீவித்த ஒரு குடும்பத்தினர். பொலிஸாரின் கண்ணில் படாதிருக்க ஒருவரை அடைக்கலம் வைத்திருப்பது என்னவென்பதை நம்மவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கட்டளை மறுவருடம் கைவிடப்பட்டபோதும் ஆபத்து நீங்கவில்லை. 1918இல் சோமா தம்பதியரின் மூத்த மகள் தொஷிகோவை போஸ் மணந்தார். வீடு மாறி வீடு மாறி ஒளிந்து வாழ்ந்த மணவாழ்க்கை அது. 1923இல் அவருக்கு ஜப்பானியக் குடியுரிமை கிடைத்தது. வெளிச்சத்தில் நடமாடும் காலம் வந்தது. ஆனால் 1925இல் தொஷிகோ காலமானார்.

1927இல் நகமுராயா தேநீர்ச்சாலை திறந்தபோது போஸின் வற்புறுத்தலால் 'இந்தியக் கறி' உணவுப் பட்டியலில் ஏறியது. ஜப்பானியர் அதற்கு முன்பே கறி உண்டு பழகியவர்கள்தாம். அது ஆங்கிலேயர் வழியாக வந்த கறி: கோதுமை மா சேர்த்துத் தடிப்பாக்கி, உருளைக்கிழங்கும் கரட்டும் வெங்காயமும் போட்டது. தன் நாட்டை ஆள்பவர்களின் கைப்பக்குவமே இந்திய உணவென்று அறியப்படுவதை போஸால் பொறுக்க முடியவில்லை. நகரின் ஏனைய கடைகளில் 10, 12 சென்னுக்குக் கறியும் சோறும் கிடைத்தபோது நகமுராயா 80 சென் வாங்கியது. அப்படியிருந்தும் மக்கள் தேடிவந்து உண்டனர்.

சொல்லில்கூட வேறுபாடு உண்டு. ஜப்பானெங்கும் வழங்கும் சொல் 'கரே'. நகமுராயாவோ 'கரீ' என்று எழுதுகிறது. கறி என்ற நமது சொல்லே ஐரோப்பியர் வாயில் திரிந்து உலகைச் சுற்றியது என்பர். அந்தப் பட்டியலில் அதைக் கண்டபோது, தொலைந்த உறவினர் ஒருவரை எதிர்பாராத தெருவில் சந்தித்ததுபோல் இருந்தது.

சோறு ஒரு தட்டிலும் குழம்பு தனிக் கிண்ணத்திலுமாக வந்தன. எலும்போடு கூடிய கோழித்துண்டுகள், பக்கத்தில் ஊறுகாய் வகைகள். உண்மையைச் சொல்வதானால், வறுத்த கறித்தூளில் வளர்ந்த யாழ்ப்பாண நாக்குக்கு உறைப்புப் போதாது. தேங்காய்ப்பாலின் வாசனையும் இல்லை. ஆனால் ஏனைய ஜப்பானியக் கறிகளிலுள்ள மாவுத் தடிப்பும் இனிப்பும் இதில் இல்லை; சரக்குகளின் மணம் தெளிவாகத் தெரிந்தது. எலும்பைக் கையால் எடுக்கலாமா என்று சற்றுத் தயங்கினேன். பக்கத்து மேசையில் ஒரு முதிய தம்பதியர் கரண்டியாலேயே வெகு நேர்த்தியாக இறைச்சியைப் பிரித்துக்கொண்டிருந்தனர். நான் கையால் எடுத்தேன்.

'காதலும் புரட்சியும் கலந்த சுவை' என்று இந்தக் கறியை விளம்பரப்படுத்துகிறார்கள். வியாபாரத்துக்கு அது பொருத்தமான வாசகம்தான். எனினும் போஸை ஒரு காதற்கதையின் நாயகனாக்கிவிடுவது அவருக்கு இழைக்கும் அநீதி. 1942இல் இந்திய சுதந்திர லீக்குக்குத் தலைமையேற்றவர் அவர். மறுவருடம் ஜூலையில் சிங்கப்பூரில் அப்பொறுப்பைச் சுபாஷ் சந்திர போஸிடம் தாமாகவே கையளித்து விலகிக்கொண்டார். மலாயாத் தோட்டங்களின் தமிழர் பெருந்தொகையாகச் சேர்ந்த இந்திய தேசிய இராணுவத்தின் பின்னணியில் இந்த மனிதர் இருக்கிறார். நம்மிடையே சுபாஷை அறிந்தவர் அநேகர். ராஷ் பிஹாரியை அறிந்தவர் சிலர்.

1945 ஜனவரி 21இல் அவர் டோக்கியோவில் மறைந்தார். தொஷிகோவுக்குப் பிறந்த மகன் மசஹிதே, அதே வருடம் ஒகினாவாப் போர்க்களத்தில் ஜப்பானியப் போர்வீரனாக மாண்டான்.