தொண்ணூத்தொண்ணு பகா எண்ணா?

91 பகா எண்ணா இல்லையா? சட்டுனு சொல்லுங்க பார்ப்போம். பேப்பர் எடுக்கிறது, கூகுளாண்டவரைக் கேட்கிறது எல்லாம் ஆட்டத்துல சேர்த்தி இல்லை.

"பகா எண்தான்" என்று சொன்னவங்க எல்லாம் வாங்க, நம்ம கட்சி. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில், ஜிமேட் மாதிரித் தேர்வில் நானும் அதைத்தான் அமுக்கினேன். ஏழும் பதிமூணும் பெருக்கினா 91. வாய்ப்பாட்டைப் பத்தோட நிறுத்தி மூட்டை கட்டினவனுக்கு அது எங்கே தெரியப் போகுது?

அன்னிக்கு கணக்குப் பகுதியில் எனக்குக் கிடைச்சது 67. பரவாயில்லையேன்னு நினைக்காதீங்க. அதுக்கு அளவுகோலே 60-ல ஆரம்பிச்சு 90-ல முடியும். வீட்டில் கேட்டாங்க, "எவ்ளோ?" "அறுபத்தேழு." "அட, பாஸ்தானே?" நான் விளக்கம் கொடுக்கலை.

முப்பத்தேழு வயசுல இந்த வேலை எதுக்குன்னு கேட்பீங்க. சொல்றேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசாச் சொன்னதில்லை.

நான் விற்பனைப் பிரிவில் இருக்கிறவன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வாடிக்கையாளருக்கு விலைப்புள்ளி தயார் பண்ணினேன். எங்களுக்கு அடக்க விலை 40 லட்சம். "25 சதவீதம் மார்ஜின் வெச்சு அனுப்பிடு" என்றார் மேலாளர். நான் 40-க்கு 25 சதவீதம் 10 லட்சம்னு போட்டு, 50 லட்சம்னு அனுப்பிட்டேன். சரிதானேன்னு தோணுதா? எனக்கும் தோணுச்சு. ஆனா மார்ஜின் என்றால் விக்கிற விலையில் கால் பங்கு லாபம். 50 லட்சத்தில் 10 லட்சம் 20 சதவீதம்தான். 25 வரணும்னா 53 லட்சத்து 33 ஆயிரத்துக்கு வித்திருக்கணும். ஆர்டர் உறுதியாகி கையெழுத்தும் ஆன பிறகுதான் இது தெரிஞ்சது. 3 லட்சத்து 33 ஆயிரம் காத்தோட போச்சு.

மேலாளர் நல்ல மனுஷர். கூட்டத்துல என் பேரைச் சொல்லாம சமாளிச்சார். தனியாக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார். "நல்லாப் பேசுறே, ஆளுங்களைப் புடிக்கிறே. நம்பர் வந்தா மட்டும் ஒளிஞ்சுக்கிறே. மேல வரணும்னா அது நடக்காது." அதுக்கப்புறம் நாலு பேர் சாப்பிட்ட ஹோட்டல் பில்லைப் பிரிக்கக்கூட செல்போனை எடுக்கிற நிலைமைக்கு வந்துட்டேன். எம்பிஏ ஆசை அதுக்கு முன்னாடியே உண்டு. கணக்கு பயத்துல பத்து வருஷமா தள்ளிப் போட்டது.

ஐஐஎம்-களுக்கான கேட் தேர்வு வருஷத்துக்கு ஒரு தடவைதான். அதில் திரையிலேயே கால்குலேட்டர் தருவாங்க. ஜிமேட்டை நமக்கு வசதியான தேதியில் எழுதலாம். ஆனா கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது, 45 நிமிஷத்தில் 21 கேள்வி. 2023 நவம்பரில் வந்த புது வடிவத்தில் அந்தப் பகுதியில் வடிவியலைத் தூக்கிட்டாங்க. "ஆஹா, முக்கோணமும் வட்டமும் இல்லை"ன்னு துள்ளிக் குதிச்சேன். மிச்சம் இருந்தது எண்கள், பின்னம், சதவீதம், விகிதம், கொஞ்சம் இயற்கணிதம். எல்லாம் பள்ளிக்கூடப் பாடம்தான். அதுலதான் 67!

முதல்ல எல்லாரும் பண்ற தப்பை நானும் பண்ணினேன். குறுக்குவழிப் புத்தகம் ஒண்ணு வாங்கி, சூத்திரங்களை மனப்பாடம் பண்ணினேன். ஒரு மாசம் கழிச்சு இன்னொரு மாதிரித் தேர்வு. 68. ஒரு மாச உழைப்புக்கு ஒரு மார்க்.

திருப்பம் எங்கேர்ந்து வந்ததுன்னா, ஆறாவது படிக்கிற என் பொண்ணுகிட்டேர்ந்து. ஒருநாள் பின்ன வகுத்தல் வீட்டுப்பாடம் போட்டுக்கிட்டிருந்தா.

"அப்பா, வகுக்கும்போது ரெண்டாவது பின்னத்தை ஏன் தலைகீழாப் போடறோம்?"

"அது அப்படித்தான்மா."

"மிஸ்ஸும் இதையேதான் சொன்னாங்க."

நெஞ்சுல குத்தின மாதிரி இருந்தது. எனக்குத் தெரியலை. இருபத்தஞ்சு வருஷமா தலைகீழாப் போட்டுக்கிட்டிருக்கேன், ஏன்னு தெரியலை.

எங்கப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் மளிகைக் கடை. அஞ்சாவதோட படிப்பை நிறுத்தி, தாத்தா கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். காலுக்குக் கீழே அரைக்கால், அதுக்கும் கீழே மாகாணின்னு எண்சுவடிக் கணக்கெல்லாம் தாத்தா வாய்வழியா ஏத்தி விட்டிருந்தார். கடையை மூடிட்டு இப்ப எங்ககூடத்தான் இருக்கார். அன்னிக்கு ஊஞ்சல்ல படுத்திருந்தவர், கண்ணைத் திறக்காமலே பேத்திகிட்ட கேட்டார்.

"முக்கால் தோசை இருக்கு. ஆளுக்கு அரைக்கால் தோசை கொடுத்தா எத்தனை பேருக்கு வரும்?"

"அரைக்கால்னா என்ன தாத்தா?"

"எட்டுல ஒண்ணு. ஒரு முழுத் தோசைன்னா எட்டுப் பேருக்கு வருமா? அப்ப முக்கால் தோசைக்கு?"

"எட்டுல முக்கால்... ஆறு!"

"எட்டால பெருக்கினியா இல்லையா? அவ்ளோதான் உன் தலைகீழு."

பேத்தி போயிட்டா. நான் அங்கேயே நின்னுக்கிட்டிருந்தேன்.

இங்கே ஒரு பழைய கதை சொல்லணும். சின்ன வயசுல லீவு நாள்ல கடையில் என்னை நிக்க வெச்சு, வாடிக்கையாளர் எதிர்லயே மனக்கணக்குக் கேட்பார். நான் முழிப்பேன். "தொரை இங்கிலீஷ் பள்ளிக்கூடம்"னு யாராவது சிரிப்பாங்க. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அதுலேர்ந்து கணக்குன்னாலே ஒரு வெறுப்பு. கடைப் பக்கம் போறதையும் குறைச்சேன். அவர் கணக்கு பழைய கணக்கு, நம்மகிட்ட கால்குலேட்டர் இருக்குங்கிற திமிர் வேற. அது ரொம்ப வருஷம் ஓடுச்சு.

அன்னிக்கு ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து 3 லட்சத்துக் கதையைச் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுக் கேட்டார்.

"நூறு ரூபாய்க்கு வாங்கி நூத்தி இருபத்தஞ்சுக்கு விக்கிறே. கல்லாவுல விழற ஒவ்வொரு அஞ்சு ரூபாயிலயும் நம்ம காசு எவ்ளோ?"

"ஒரு ரூபா."

"அதான். வாங்கின விலைக்குக் கால் பங்குன்னா, வித்த விலைக்கு அஞ்சுல ஒரு பங்கு. எதுக்கு மேல எவ்ளோன்னு முதல்ல கேட்டுக்கணும்." அப்புறம் மெதுவா, "கடை ஆரம்பிச்ச புதுசுல நானும் இதே தப்பைப் பண்ணி ஒரு தீபாவளிச் சரக்கையே நட்டத்துக்கு வித்தவன்தான். உன் தாத்தாகிட்டச் சொல்லவே இல்லை" என்றார்.

என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. ரெண்டு பேரும் மோர் குடிச்சிட்டுப் படுத்தோம்.

மறுநாளே குறுக்குவழிப் புத்தகத்தைப் பரண்ல போட்டுட்டு, பொண்ணோட ஆறாம் வகுப்புப் புத்தகத்திலேர்ந்து ஆரம்பிச்சேன். தினமும் காலையில் அஞ்சு மணிலேர்ந்து ஆறேகால் வரைக்கும். 20 வரைக்கும் வாய்ப்பாடு. 30 வரைக்கும் வர்க்கம். பின்னத்தைச் சதவீதமா மாத்தறது: எட்டுல ஒண்ணு 12.5, ஆறுல ஒண்ணு 16.67, ஏழுல ஒண்ணு கிட்டத்தட்ட 14.29. 50-ல 8 சதவீதமும் 8-ல 50 சதவீதமும் ஒண்ணுதான்னு தெரிஞ்ச அன்னிக்கு ஆபீஸ்ல நாலு பேருகிட்டச் சொன்னேன். ஒருத்தரும் மதிக்கலை :-)

'எதுக்கு மேல எவ்ளோ?' என்ற அப்பாவோட கேள்வியை நோட்டு முதல் பக்கத்தில் எழுதி வெச்சேன். ஜவுளிக்கடையில் முதல்ல 20 சதவீதம் தள்ளுபடி, அதுக்கு மேல 30 சதவீதம்னு போர்டு மாட்டினா, மொத்தம் 50 இல்லை. ரெண்டாவது தள்ளுபடி 80 ரூபாய்க்குத்தான். 56 ரூபா கட்டணும், ஆக 44 சதவீதம். போகும்போது 40 கிலோமீட்டர் வேகம், அதே வழியில் திரும்பும்போது 60 என்றால், சராசரி 50 இல்லை. மெதுவாப் போற பயணம் அதிக நேரம் எடுக்கும், அதனால 48. ரெண்டுலயும் அதே கேள்விதான்.

தப்புக் கணக்குக்குன்னு தனி நோட்டு போட்டேன். மூணு கட்டம்: முறை தெரியலை, முறை தெரிஞ்சும் கூட்டல் பெருக்கல்ல கோட்டை விட்டேன், கேள்வியையே சரியாப் படிக்கலை. முதல் நூறு தப்பை எண்ணினா, மூணாவது கட்டத்தில் மட்டும் 43! தெரியாததைவிட அவசரத்துல விட்டதுதான் அதிகம். அந்த 3 லட்சமும் மூணாவது கட்டம்தான்.

அஞ்சு மாசம் கழிச்சு தேர்வு எழுதினேன். கணக்கில் 80. இதைவிட அதிகம் வாங்கறவங்க நிறைய பேர். எந்தக் கல்லூரி கூப்பிடும், கூப்பிடுமா என்பதெல்லாம் இனிமேதான். ஆனா போன வாரம் ஒரு கூட்டத்துல, "மார்ஜினா, மார்க்கப்பா? எதுக்கு மேல சொல்றீங்க?"ன்னு நான் கேட்டேன். மேலாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது போதும்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட 80-னு சொன்னேன். "நூத்துக்கா?"ன்னார். "தொண்ணூறுக்கு"ன்னேன்.

"ஒம்போதுல எட்டுப் பங்கு. எண்பத்தொம்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி"ன்னு சொல்லிட்டு ஊஞ்சலை ஆட்ட ஆரம்பிச்சுட்டார். அளவுகோல் 60-ல ஆரம்பிக்கிற விஷயத்தை அவர்கிட்டயும் நான் விளக்கலை.

பின்குறிப்பு: பொண்ணு இந்த வருஷம் ஏழாவது. மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ் வருதுன்னு கேட்டிருக்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். கடனையும் கல்லாவையும் வெச்சு யோசிச்சுக்கிட்டிருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல விளக்கம் இருந்தாச் சொல்லுங்க மக்களே. "அது அப்படித்தான்"னு மட்டும் சொல்லாதீங்க.