விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாங்கி

சிங்கப்பூர் வந்துபோகும் நம்மவர்களுக்குச் சாங்கி என்றால் விமான நிலையம்தான். ஜூவல் அருவி முன்னால் ஒரு படம், வீட்டுக்கு இரண்டு சாக்லெட் பெட்டி, கிளம்பிவிடுவோம். அந்த ஓடுபாதைகளைத் தாண்டி, தீவின் கிழக்கு ஓரத்தில், சாங்கி வில்லேஜ் என்று ஓர் இடம் இருக்கிறது. தானா மேரா ரயில் நிலையத்தில் இறங்கி 2-ஆம் எண் பேருந்தில் ஏறினால், கடைசி நிறுத்தம் அதுதான்.

என்னை அங்கே அழைத்துப் போனவன் என் அக்கா மகன். வாரம் ஐந்து நாள் மென்பொருள் வேலை, சனி ஞாயிறு கிட்டார். நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறான். இவன் கிட்டார், ஒருவர் பேஸ், ஒரு பெண் பாடிக்கொண்டே கீபோர்டு, இன்னொரு தம்பி மிருதங்கம். இளையராஜா, ரஹ்மான் பாடல்களைத் தங்கள் போக்கில் வாசிப்பார்கள். அந்த மிருதங்கத் தம்பிக்கு வேலை அனுமதி முடிந்துவிட்டது. அடுத்த வாரம் மதுரைக்குத் திரும்புகிறார்.

“என்ன பண்றதுன்னு தெரியல மாமா. டிரம் மெஷின் ஒண்ணு வாங்கிடலாமா, இல்ல பேண்டையே நிறுத்திடலாமா?” என்று பேருந்தில் கேட்டான். அன்று நால்வரும் என்னோடு வந்தார்கள். நாள் முழுக்க அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

சிறைக்குள் ஒரு பியானோ

முதலில் இறங்கிய இடம், போகும் வழியில் இருக்கும் சாங்கி தேவாலய அருங்காட்சியகம். 2021-ல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும், பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர்கள் பல்லாயிரம் பேரைச் சாங்கி வட்டாரத்தில்தான் அடைத்துவைத்தார்கள். பசி, நோய், கடும் உழைப்பு. இதெல்லாம் நாம் படித்ததுதான்.

பலருக்கும் தெரியாத ஒன்று, அந்தக் கைதிகள் கலைக்குழு அமைத்து நிகழ்ச்சி நடத்தினார்கள் என்பது. ஆஸ்திரேலியர்களின் குழு போர் முடியும்வரை கலையவில்லை. அவர்கள் வாசித்த பியானோ இன்று கான்பெராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது.

கடற்காற்றில் நின்ற பழைய பியானோவின் சுருதி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கம்பி அறுந்தால் புதுக் கம்பி கேட்டு யாருக்குக் கடிதம் போட முடியும்? ஆனாலும் வாசிக்க ஆள் இருந்தது, கேட்க ஆள் இருந்தது. பாடகிப் பெண் வெகுநேரம் பேசாமல் நின்றார். வெளியே வந்ததும், “நாம மைக் சரியில்லன்னு போன மாசம் ஒரு பிராக்டிஸையே கேன்சல் பண்ணினோம்” என்றார். மற்ற மூவரும் சிரிக்கவில்லை.

பட்டாளத்துக்கு வாசித்த பேண்டுகள்

அந்தக் கைதிகளை வைத்து ஜப்பானியர் போட்ட ஓடுபாதை, போருக்குப் பின் பிரிட்டிஷ் விமானப்படைத் தளமானது. சிங்கப்பூரின் பேண்ட் வரலாற்றில் இந்தத் தளத்துக்கும் பங்கு உண்டு. 1961-ல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூர் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அதன்பின் தெருவுக்குத் தெரு கிட்டார் பேண்டுகள் முளைத்தன. சாங்கி, செலத்தார், செம்பவாங் தளங்களில் இருந்த கிளப்புகள் அவர்களுக்கு மேடை கொடுத்தன. ஊரைவிட்டு வந்த பட்டாளத்துப் பையன்களுக்கு வார இறுதியில் ஆடப் பாட்டு வேண்டும். உள்ளூர்ப் பையன்களுக்கு வாசிக்க இடம் வேண்டும். இரண்டும் பொருந்திப்போயின.

அந்தக் காலத்துப் பேண்டுகளில் பெரிய பெயர் குவெஸ்ட்ஸ். குவீன்ஸ்டவுன் பள்ளி மாணவர்கள் தொடங்கியது. 1964-ல் அவர்கள் வெளியிட்ட ‘ஷாண்ட்டி’ என்ற வாத்திய இசை, உள்ளூர் தரவரிசையில் பீட்டில்ஸ் பாட்டையே கீழே இறக்கி முதலிடம் பிடித்தது. அதில் முதன்மைக் கிட்டார் வாசித்தவர் ரெஜி வர்கீஸ், இந்திய வம்சாவளிக்காரர்.

இந்த இடத்தில் அக்கா மகனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வின் கையில் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், பின்னால் வாக்ஸ் ஒலிபெருக்கி, இரண்டுக்கும் நடுவே எதிரொலிக் கருவி. அந்த மணியோசைக்காகவே அந்தக் காலத்துப் பையன்கள் ஏங்கினார்கள் என்றான். அதே டோன் வேண்டும் என்று இவனும் காலால் மிதிக்கும் பெடல்களை வரிசையாக வாங்கி வைத்திருக்கிறான். சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் இருக்கும் கிட்டார் கடைகளில் இவனைத் தெரியாதவர்கள் இல்லை.

பேஸ் வாசிப்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. “பெடல்ல பாதி டோன்தான் அண்ணே. மீதி விரல்ல இருக்கு. அதுவும் பத்தாது, பக்கத்துல வாசிக்கிறவன் இடம் விடணும். பேஸ் நல்லா இருந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க. நிறுத்தினா உடனே தெரியும்” என்றார்.

பிரிட்டிஷ் படை 1971-ல் வெளியேறியது. தளத்துக் கிளப்புகள் மூடப்பட்டன. நகரத்து நடன அரங்குகளிலும் அந்த ஆண்டுகளில் கெடுபிடி கூடியிருந்தது. பேண்டுகள் பலவும் கலைந்தன. ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் அப்படியேதான் இருந்தன. வாசிக்கப் போக இடம்தான் இல்லை.

தோலும் ஈரமும்

சாங்கி வில்லேஜ் உணவு நிலையத்தில் நாசி லெமாக் சாப்பிட்டோம். தேங்காய்ப்பால் சோறு, பொரித்த கோழிச் சிறகு, நெத்திலி, சம்பல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விமானம் தாழப் பறந்து பேச்சை நிறுத்தியது.

மிருதங்கத் தம்பி அப்போதுதான் வாய் திறந்தார். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். வாசலில் நின்றால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். குளிரூட்டிய அறைக்குள் போனால் இறுகி ஏறும். அதனால் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே அறைக்குள் கொண்டுபோய் வைத்து, பிறகுதான் கல்லும் கட்டையுமாகத் தட்டிச் சுருதி சேர்ப்பாராம். செயற்கைத் தோல் போட்டதும் ஒன்று வைத்திருக்கிறார். ஊர் மாறினாலும் சுருதி அதிகம் மாறாது, பயணத்துக்கு வசதி. “ஆனா தொப்பியில ரவை வச்சுத் தட்டுற கும்கி இதுல முழுசா வரலண்ணே. கேட்கிறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்” என்றார்.

கிட்டார்காரர்கள் டோன் என்பதை நம் வித்வான்கள் நாதம் என்பார்கள். மரம், தோல், கை, அறை, காற்று எல்லாம் சேர்ந்த ஒன்று அது. கூட வாசிப்பவரின் காதும் அதில் உண்டு. பாடகி மூச்சு வாங்குவதைப் பார்த்து இந்தத் தம்பி ஒரு சொல்லை விட்டுவிட்டு வாசிப்பாராம். அவர் சொல்லவில்லை, பாடகிதான் சொன்னார். டிரம் மெஷின் பிசகாமல் தாளம் போடும், மூச்சைப் பார்க்காது.

வாசிக்க ஓர் அறை

சாயங்காலம் லிட்டில் இந்தியாவுக்குத் திரும்பினோம். இந்த ஊரில் தமிழருக்கு இசை புதிதில்லை. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949 முதல் கற்றுத்தருகிறது. மக்கள் கழகத்தின் கீழ் 1985-ல் தொடங்கிய இந்திய இசைக்குழு, வீணையையும் வயலினையும் தபேலாவையும் ஒரே மேடையில் வைத்தது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. 2016-ல்தான் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. உறுமி மேளக்காரர்களுக்கும் இடம்தான் கவலை.

இளைஞர்களுக்கும் அதேதான். இங்கே பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீவக அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கும். அதனால் காதில் ஹெட்ஃபோன் மாட்டித் தனித்தனியாக வாசிக்கிறார்கள், மாதம் ஒரு கருவி வாங்குகிறார்கள். சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஸ்டூடியோ பிடிக்க வேண்டும். அக்கா மகன் ஆசைப்படும் டிரம் மெஷின் விலையை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காசில் பல மாதத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம் அறை எடுக்கலாம்.

கணக்கைச் சொன்னேன். உடனே யாரும் பதில் பேசவில்லை. பேஸ்காரர்தான், தைப்பூசத்தில் உறுமி வாசிக்கும் பையன் ஒருவனைத் தெரியும், ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். “உறுமியும் ஸ்ட்ராட்டும் ஒத்துப்போகுமா?” என்று அக்கா மகன் இழுத்தான். “வாசிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்” என்றார் மதுரைத் தம்பி. டிரம் மெஷின் யோசனை அத்தோடு தள்ளிப்போனது.

நீங்கள் போனால்

காலையில் அருங்காட்சியகம், மதியம் சாங்கி வில்லேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடலருகே இருக்கும் ஸ்ரீராமர் கோயிலில் புத்தரும் குவான் யின்னும் கூட இருக்கிறார்கள். பக்கத்துத் துறையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் படகு போகும்.

வாத்தியத்தோடு பயணம் செய்பவர்கள் கெட்டியான பெட்டியில் போடுங்கள். இறங்கியதும் திறந்து வாசிக்காமல், கருவி இந்த ஊர்க் காற்றுக்குப் பழகச் சில மணி நேரம் விடுங்கள். மின்சாரம் நம்மூர் போலவே 230 வோல்ட், பிளக்குதான் வேறு.

வீட்டில் கிட்டாரோ கீபோர்டோ கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளை இருந்தால், ஒன்று வாங்கிக்கொடுங்கள். இரண்டாவது கேட்கும்போது, கூட வாசிக்க யார் இருக்கிறார்கள், எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கையில் இருக்கும் பணத்தை அதற்குக் கொடுங்கள்.