கரிமேட்டில் விளைந்த சோலை

உல்லாசப் பிரயாணம் என்றால் பனிமலையையும் அருவியையும் கடற்கரையையும் தேடிப் போவதுதான் உலக வழக்கம். நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தைத் தேடிக்கொண்டு யாராவது போவார்களா? "நாம் போய் வந்தோம்" என்று சொன்னால் நேயர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கக்கூடும். ஆனால் தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் இன்றைய தோற்றத்தைக் கண்டவர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள். பழைய ஆழ்சுரங்கங்கள் அநேகமாய் எல்லாம் மூடப்பட்டுவிட்டன. கரிப்புழுதி பறந்த இடங்களில் இன்று ஏரிகளும் மரச்சோலைகளும் ஒற்றையடிப் பாதைகளும் இருக்கின்றன.

வேல்ஸ் என்பது இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள சிறிய தேசம். அதற்குத் தனி மொழியும் தனிப் பாட்டும் தனிப் பெருமையும் உண்டு. அங்கே கிடைத்த ஒருவகை நிலக்கரி புகை குறைவாகவும் சூடு அதிகமாகவும் எரியும். ஆகையால் பிரிட்டிஷ் கடற்படையார் அதையே விரும்பி வாங்கினார்கள். நம் தேசத்தை அடக்கி ஆண்ட சாம்ராஜ்யத்தின் கப்பல்களுக்குத் தீனி போட்டவர்கள், பூமிக்கடியில் தவழ்ந்து கரி வெட்டிய ஏழை வேல்ஷ் தொழிலாளர்கள்தான். 1913-ஆம் ஆண்டில் தெற்கு வேல்ஸில் சுமார் 5 கோடியே 70 லட்சம் டன் கரி எடுக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, செங்கெனித் என்னும் ஊரில் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்தக் கரியின் உண்மையான விலை அவ்வூர்த் தாய்மார்களுக்கே தெரியும்.

கார்டிஃப் நகரிலிருந்து ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அபர்டேர் வந்து சேரலாம். 'அபர்' என்றால் வேல்ஷ் மொழியில் ஆறு கூடுமிடம். நம் பவானியில் கூடுதுறை என்கிறோமே, அதைப் போல. டேர் என்னும் சிற்றாற்றைப் பின்பற்றி மேற்கே நடந்தால் டேர் பள்ளத்தாக்கு வனப் பூங்கா வருகிறது. சுமார் 500 ஏக்கர் பரப்புள்ள இப்பூங்கா 1973-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் இங்கே இருந்தவை சுரங்க வாய்களும் கரிக்கழிவு மலைகளுமே. மேடுகளைச் சமன் செய்து, மண் பரப்பி, புல் விதைத்து, மரம் நட்டுத்தான் இந்த வனத்தை உண்டாக்கினார்கள். இயற்கை தானாகத் தந்த வரம் அல்ல இது. மனிதன் தான் செய்த பாவத்துக்குத் தானே செய்துகொண்ட பிராயச்சித்தம்.

கரி வண்டிகள் ஓடிய இரும்புப் பாதைகள் இப்பிரதேசத்தில் பல இடங்களில் நடைபாதைகளாகிவிட்டன. அதனால் வழி ஏற்ற இறக்கமின்றிச் சுகமாகச் செல்கிறது. அறிவிப்புப் பலகைகள் வேல்ஷிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு சிறிய ஜாதி தன் மொழியைக் கைவிடாமல் காட்டுப் பாதையில்கூட நிறுத்தியிருப்பதைப் பார்க்க நமக்கு உள்ளம் குளிர்ந்தது. ஏரியில் வாத்துகள் நீந்துகின்றன. எதிரே செங்குத்தான பாறைக்கு மேலே வல்லூறு வட்டமிடுகிறது. ஆனால் பாதையோரத்துப் புல்லைக் காலால் சற்றே கிளறினால், அடியில் கன்னங்கரிய துகள்கள் தெரிகின்றன. பச்சைப் போர்வை மிகவும் மெல்லியது.

இக்கழிவு மேடுகள் முழுதும் பாழ்நிலம் என்று நினைப்பதும் சரியல்ல. சத்தற்ற அந்த மண்ணில் முரட்டுப் புல் ஓங்கி வளர முடியாது. ஆகவே வேறிடங்களில் நெருக்குண்டு அழியும் அபூர்வச் செடிகளும் பூச்சிகளும் இங்கே பிழைத்துக்கொள்கின்றன. ரோந்தா பள்ளத்தாக்கின் கடைசிச் சுரங்கமான மேர்டி 1990-ல் மூடப்பட்டது. அச்சுரங்கத்தின் கழிவு மேட்டில், பிரிட்டனில் அதுவரை யாரும் கண்டிராத ஒரு மரவட்டையைச் சில ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்தார்கள். மிகச் சிறிய அந்தப் பிராணிக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'மேர்டி பூதம்'!

நிற்க. இப்பள்ளத்தாக்குகளில் நடப்பவர்கள் அபர்ஃபான் கிராமத்தைக் காணாமல் திரும்பலாகாது. கார்டிஃபிலிருந்து பிரெக்கன் வரை 55 மைல் செல்லும் டாஃப் நெடும்பாதை அவ்வூரை ஒட்டியே போகிறது. 1966 அக்டோபர் 21-ந் தேதி காலை ஒன்பதேகால் மணி. அரைப் பருவ விடுமுறைக்கு முந்திய நாள். பிள்ளைகள் அப்போதுதான் வகுப்புகளில் அமர்ந்திருந்தார்கள். ஊருக்கு மேலே ஊற்றுநீரின் மீது குவித்திருந்த ஏழாவது கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். ஆபத்தைக் குறித்து ஊரார் முன்பே எச்சரித்திருந்தார்கள், கேட்பார் இல்லை. விசாரணை மன்றம் 1967-ல் தேசிய நிலக்கரி வாரியத்தின் மீதே குற்றம் சாட்டியது. அதன் பிறகும் நடந்ததுதான் கொடுமை: எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்காக, உலகத்தார் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே சர்க்கார் 1,50,000 பவுனை எடுத்துக்கொண்டது! அத்தொகை 1997-ல்தான் திருப்பித் தரப்பட்டது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. தினந்தோறும் வகுப்பில் பெயர் கூப்பிட்டுப் பழகிய நமக்கு அங்கே வாய் திறந்து பேச முடியவில்லை.

அத்துடன் ஆபத்து தீர்ந்துவிட்டதா? இல்லை. வேல்ஸில் 2,500-க்கு மேற்பட்ட பழைய கழிவு மேடுகள் இன்னும் உள்ளன. 2020 பிப்ரவரியில் புயல் மழையின்போது டைலர்ஸ்டவுன் என்னுமிடத்தில் ஒரு மேடு சரிந்து ஆற்றில் விழுந்தது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. இம்மேடுகளைக் கண்காணிப்பதற்கென்று வேல்ஸ் சட்டசபை 2025-ல் புதிய சட்டம் இயற்றியது. சுரங்க முதலாளிகள் லாபத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பல காலம் ஆகிறது. மேட்டைக் காவல் காப்பது மட்டும் பேரன் பேத்திகளின் பொறுப்பாகிவிட்டது.

இதை நம் தேசத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஜாரியாவில் பூமிக்கடியில் பற்றிய நெருப்பு நூறாண்டுகளுக்கு மேலாக எரிகிறது. நம் நெய்வேலியிலோ, வயலும் வீடும் இருந்த நிலத்தைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்து வருகிறோம். தோண்டிய மண்ணின் மீது மரங்களும் நட்டிருக்கிறோம், நல்ல காரியம். ஆனால் மரம் நட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நிலத்தைக் கொடுத்தவன் எங்கே போனான், அவன் பிள்ளை என்ன வேலை செய்கிறான், மேட்டுக்கடியில் நீர் எப்படி ஓடுகிறது என்ற கேள்விகளுக்கும் விடை வேண்டும். அந்த விடைகளைச் சுரங்கம் நடக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். மூடிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

வேல்ஸுக்குப் போகும் நேயர்கள் கோட்டைகளைப் பார்க்கட்டும், கடற்கரையையும் பார்க்கட்டும். ஒரு நாளை மட்டும் இந்தக் கரிப் பள்ளத்தாக்குகளுக்கு ஒதுக்கி வைக்கட்டும். மழைக்குக் குடையும், சேற்றுக்குத் தகுந்த ஜோடும் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.